கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மேலங்கி

காற்று முதலில், கலர் பிறகு. நிறுத்தும்போது கலர் முதலில், காற்று பிறகு. ஆறு வருஷமாக ஏர்பிரஷ் பிடிக்கிறேன், இன்னும் இதை வாய்க்குள் ஒருமுறை சொல்லாமல் ஆள்காட்டி விரல் விசையைத் தொடுவதில்லை. அழுத்தினால் காற்று, பின்னால் இழுத்தால் கலர், மொத்த வித்தையும் அவ்வளவுதான். மாற்றிச் செய்தால் நுனியில் தேங்கிய சொட்டு எச்சில் மாதிரித் தெறித்து மூன்று நாள் வேலையைக் கெடுத்துவிடும். இன்றைக்கு அது நடக்கக் கூடாது. மணி பத்து ஐந்து. பன்னிரண்டுக்கு அவர்கள் வருகிறார்கள், சுகந்தியும் அவளுடைய சித்தப்பாவும், வீடு பார்க்க. எங்கள் பக்கம் அதற்கு அப்படித்தான் பெயர். சுவரையும் குழாயையும் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு ஆளைப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். நாற்பத்து மூன்று வயது, பட்டுச் சேலை விற்கிற ஆள், வடவள்ளியில் மூன்றாவது மாடி, பால்கனியில் ஓர் அட்டைப்பெட்டி, அதன் முதுகில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேன், பெட்டிக்குள் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு மந்திரவாதினி. பிசினில் வார்த்த பொம்மை. விளையாடுகிறவர்கள் இவளை மேஜையில் நகர்த்தி, பகடை உருட்டி, பூதத்தோடு சண்டைக்கு விடுவார்களாம். எனக்கு அந்த விளையாட்டே தெரியாது. நான் துணிக்காக வாங்குகிறேன். இரும்புக் கவசம் போட்ட வீரனை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்பேன், அவன்மேல் மடிப்பு ஏது? இவளுக்கோ கழுத்திலிருந்து தரை வரைக்கும் உள்ளங்கி, அதற்கு மேல் காற்றில் விரிந்த மேலங்கி, எண்ணிப் பார்த்தேன், முதுகில் மட்டும் பதினேழு மடிப்பு. முகத்தைப் போன வாரமே மெல்லிய தூரிகையால் முடித்துவிட்டேன். எல்லோரும் துணியை முடித்துவிட்டுத்தான் முகத்துக்குப் போவார்கள், எனக்குப் பொறுக்கவில்லை. அதனால் இன்றைக்கு அந்த முகத்தில் தூசி படாமல் காப்பாற்றுவதே பெரும் பாடாகிவிட்டது. காலையில் ஒரு யோசனை தோன்றி, தலையைச் சுற்றிப் பிசுபிசு களிமண்ணை அப்பி, அப்படியே இருமல் மருந்து பாட்டிலின் வாயில் சொருகிவிட்டேன். பாட்டிலே முகமூடி, பாட்டிலே கைப்பிடி. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன். கறுப்பு அடிப்பூச்சு முகத்துக்கு முன்பே போட்டுக் காய்ந்தாயிற்று. இப்போது வெள்ளை. செங்குத்தாக மேலிருந்து, சூரியன் நிற்கிற இடத்திலிருந்து. மடிப்பின் முதுகெல்லாம் வெளுக்கும், மடிப்பின் பள்ளமெல்லாம் கறுப்பாகவே தங்கும். வெயிலையும் நிழலையும் முதலிலேயே போட்டுவிட்டால், பிறகு மேலே எந்தக் கலரைத் தூவினாலும் அது துணியாகிவிடும்.

காற்று முதலில். ம், நன்றாக வருகிறது. பால் பதத்துக்குக் கரைத்தேன், தயிர் பதமாக இருந்தால் அடைத்துக்கொள்ளும், மோர் பதமாக இருந்தால் சிலந்திக்கால் மாதிரி நாலா பக்கமும் ஓடும். மடிப்பு ஒவ்வொன்றாக எழுந்திருக்கிறது. இதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, சொல்லிவிடுகிறேன். மற்றவர்கள் படத்தைப் பார்த்துத் துணி பழகினார்கள், நான் துணியைத் தோளில் போட்டுப் பழகினேன். ஒப்பணக்காரர் வீதியில் பட்டு செக்‌ஷனில் பத்தொன்பது வருஷம். விரித்துக் காட்டினால் போதாது, 'கட்டினா எப்படி இருக்கும்' என்று கேட்பார்கள். உடனே மீசையும் தொப்பையுமாக நாங்கள் எழுந்து நின்று, கொசுவத்தைத் தொப்புளுக்கு நேரே பிடித்து, முந்தானையை இடது தோளில் சரியவிட்டு, முகத்தை மட்டும் பெருமாள் கோவில் தூண் மாதிரி வைத்துக்கொள்ள வேண்டும். ஒரு நாளைக்கு முப்பது கல்யாணப் பெண்ணாக நின்றிருக்கிறேன், ஒரு தடவைகூட மாப்பிள்ளையாக நின்றதில்லை. இதைச் சொல்லி நானே சிரிப்பேன், மற்றவர்கள் சொன்னால் மட்டும் கொஞ்சம் வலிக்கும். அப்படி நின்ற ஒரு நாள்தான் சுகந்தி வந்தாள். மூன்று டீச்சர்கள், யாரோ ஒருவருக்குப் பணி ஓய்வு, அதற்குச் சேலை. வெள்ளை மெத்தையில் உட்கார்ந்துகொண்டு, நான் தோளில் போட்டிருந்த மயில்கழுத்துக் கலரைக் கண் கொட்டாமல் பார்த்தாள். நெடுக்கே ஓடும் பாவு நீலம், குறுக்கே ஓடும் ஊடை பச்சை. நீலமா என்றால் பச்சை, பச்சையா என்றால் நீலம். அந்த நேரம் பார்த்துக் கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் பிடிக்க ஒரு நிமிஷமாகும். உட்கார்ந்த இடத்திலிருந்தே செல்போன் டார்ச்சை எரியவிட்டு, "அசையாம நில்லுங்க" என்றாள். நின்றேன். பிஸிக்ஸ் டீச்சர் என்று அப்போது தெரியாது, ஏதோ ஆராய்ச்சி நடக்கிற மாதிரித்தான் இருந்தது. கரண்ட் வந்ததும், "உங்களுக்கே எடுப்பா இருக்குதுங், நீங்களே வெச்சுக்கங்க" என்றாள். மற்ற இரண்டு டீச்சர்களும் மெத்தையில் சாய்ந்து சிரித்தார்கள். ஆனால் அந்தச் சேலையையே தனக்கென்று எடுத்துக்கொண்டு போனாள். ஓய்வு பெற்றவருக்கு என்ன வாங்கினார்கள் என்று எனக்கு ஞாபகமே இல்லை. எட்டு மாதம் கழித்துத் தரகர் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து நீட்டினார், எனக்கு முகத்துக்கு முன்னால் சேலைதான் தெரிந்தது. நான் போட்டுக் கழற்றிய சேலையைக் கட்டிக்கொண்டு ஒருத்தி எனக்குப் பெண்ணாக வருகிறாள் என்றால், அதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். எனக்கு அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

அவள், அவள் என்று மனசு சொல்கிறது. போனில் 'நீங்க', வாய் தவறினால் 'மேடம்'. கடைப் பழக்கம். மூன்று வாரமாகப் போனில் பேசுகிறோம், சித்தப்பாவுக்குத் தெரிந்தேதான். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஏர்பிரஷுக்குக் காற்று கொடுக்கிற கம்ப்ரசர் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால். இதோ, காலுக்குக் கீழே இருக்கிறதே, இந்தச் சனியன். ஒரு பல் டாக்டர் கிளினிக்கைக் காலி செய்தபோது வாங்கியது. தொட்டியில் காற்று குறைந்தால் தானாகவே ஓடும், நிறைந்தால் தானாகவே நிற்கும். டெஃப்லான் டேப்பை எவ்வளவு சுற்றினாலும் மூட்டில் கசிவு நிற்கவில்லை. அதனால் யாரும் தொடாவிட்டாலும் இருபது நிமிஷத்துக்கு ஒரு தடவை தடதடவென்று எழுந்து உட்காரும். முதல் போன் பேசிய அன்றே அது நடந்தது. "என்னுங் சத்தம்?" என்றாள். உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். பொம்மைக்குப் பெயின்ட் அடிக்கிறேன் என்று ஒரு வரி. காற்றைத் தட்டாமலே கலரை இழுத்துவிட்டேன். "தண்ணி மோட்டாருங்க." அடுத்த நாளும் மோட்டார். அதற்கடுத்த வாரம் ஒரே பேச்சில் இரண்டு தடவை மோட்டார். "உங்கூட்டுல தண்ணி ரொம்பத்தான் செலவாகுதுங்" என்றாள், சிரித்தாளா இல்லையா என்று போனில் தெரியவில்லை. வேறு பழக்கம் எதுவும் உண்டா என்று கேட்டதற்கு டிவி பார்ப்பேன் என்றேன். என் வீட்டில் டிவியே இல்லை. இன்றைக்கு வந்து பார்த்தால் டிவியும் இருக்காது, மாடியில் ஒரு மோட்டாரும் இருக்காது, இருப்பது எழுபத்திரண்டு பொம்மை. அதனால் நேற்று ராத்திரி படுக்கையில் எனக்கு நானே ஒரு பந்தயம் கட்டினேன். இந்த மேலங்கியை அவளுடைய சேலைக் கலரில் அடிக்க வேண்டும், மயில்கழுத்தில். நன்றாக வந்தால் அவள் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது. வராவிட்டால் என் கூடப்பிறந்த பத்மா அக்கா சொன்னபடி அத்தனையையும் பரணில் ஏற்றிவிட்டு, மோட்டார் கதையையே வாழ்நாள் முழுக்க ஓட்டுவது. வாழ்நாள் முழுக்க எப்படி ஓட்டுவது, அவள் இங்கேதானே இருப்பாள்? அதை யோசிக்கவில்லை. வெள்ளை போதும். கலர் முதலில், காற்று பிறகு. நிறுத்தியாயிற்று.

ஊசியைத் துடைக்க வேண்டும், காய்ந்த வெள்ளை நுனியில் உப்பு மாதிரி நிற்கிறது. காதுக் குச்சி எங்கே? இங்கேதான். பயப்படுகிறேனா? பயப்படுகிறேன். பொள்ளாச்சிக்காரர்கள் வந்தபோது இப்படிப் பயப்படவில்லை, அதனால்தான் அது அப்படி ஆயிற்று. இரண்டு வருஷம் முன்னால். பொம்மை அலமாரியைத் திறந்துவைத்திருந்தேன், பெருமையாக. பெண்ணுடைய மாமா ஒருவர் கிழவன் பொம்மை ஒன்றை எடுத்து, அதன் சாம்பல் நிற அங்கியைக் கட்டைவிரலால் தடவி, "இதென்னுங் தம்பி, கொழந்தைக வெளையாடறதுங்களா?" என்று கேட்டார். அந்தச் சாம்பலுக்குள் ஊதாவும் பழுப்பும் எத்தனை அடுக்கு போட்டிருந்தேன். "இல்லீங், நான் பண்றதுங்" என்றேன். அவர் பொம்மையை வைத்த விதம், அழுக்குக் குழந்தையை இறக்கிவிடுகிற மாதிரி. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள், இன்னும் சொல்லி அனுப்பிக்கொண்டே இருக்கிறார்கள். அக்காவுக்கு அதில் சந்தேகமே இல்லை, என் கல்யாணத்தைத் தடுப்பது எழுபத்திரண்டு பொம்மைகள், கிரகம் அல்ல. அவளுக்கும் ஆசை இருக்கிறது. புருஷனுடைய அக்காவை எங்கள் பக்கம் நங்கை என்று கூப்பிடுவார்கள். இரண்டு தெரு தள்ளி இருக்கிற அவள் வீட்டுக்குப் போகும்போதெல்லாம், "என்னைய நங்கைன்னு கூப்பிட ஒருத்தி வரமாட்டாளாடா இந்தக் குடும்பத்துக்கு" என்று தட்டில் தோசையைப் போட்டபடி கேட்பாள். ஊரிலே எல்லா நாத்தியும் தம்பி பெண்டாட்டியோடு சண்டை போட்டுக்கொண்டிருக்க, சண்டை போடக்கூட ஆளில்லாமல் இவள் ஒருத்தி. எனக்கு வேறு பயம். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, ஒரு மேலங்கியை முடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, 'இங்க பாரு' என்று வாயைத் திறந்துவிடுவேன். வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள். அந்த 'இங்க பாரு' எங்கே போகும்? அதுதான் பயம். சமையல் பயம் இல்லை, காய்ச்சல் வந்தால் யார் கஞ்சி வைப்பார்கள் என்கிற பயம்கூட இல்லை. பார்க்க ஆளில்லாமல் போய்விடுமோ என்கிற பயம்.

கதவு திறக்கிறது, அக்காதான், சாவி அவளிடமும் இருக்கிறது. மணி பதினொன்றா, அதற்குள்ளாகவா? "டேய் தாமு! இன்னும் இதைய கட்டிக்கிட்டு அழுதுட்டிருக்கறயா? உன்ற மூஞ்சியப் பாரு, மூக்குல ரெண்டு டப்பாவ மாட்டிக்கிட்டு, பூச்சி மருந்து அடிக்கறவனாட்டம்." மாஸ்க்குக்குள்ளிருந்து, "சித்தெ இரு அக்கா, பத்து நிமிஷம்" என்கிறேன். "குளிச்சயா?" "குளிச்சுட்டேன்." "மறுக்கா குளி. கையெல்லாம் பச்சை." பச்சை இன்னும் தொடவே இல்லை, இது போன வாரத்துப் பச்சை. அவள் உள்ளே போய்ப் பாத்திரங்களை உருட்டுகிறாள், கூடத்தில் பொம்மைகளைப் பழைய சூட்கேசில் அடுக்குகிற சத்தம், நடுவே, "ஏண்டா, இந்தப் பொம்பளைக்குத் துணியே இல்லையே, இதைய எங்கீடா வெச்சு மறைக்கறது!" என்ற கூக்குரல். அது கடல் கன்னி, அக்கா, அவளுக்குச் செதில்தான். சொல்லவில்லை. மனசு இங்கே இருக்க வேண்டும். நீலம். மை மாதிரி ஒளி ஊடுருவுகிற நீலம், நாலு சொட்டு கலர், எட்டு சொட்டு தண்ணீர். வலது பக்கத்திலிருந்து மட்டும், தாழ்வான கோணத்தில். காற்று முதலில். ஆகா. வெள்ளையாக இருந்த மடிப்பு முதுகுகளின் வலது கன்னமெல்லாம் நீலம் பிடிக்கிறது, இடது கன்னம் வெளுப்பாகவே நிற்கிறது. இப்போது கலரைக் கழுவி, பச்சை. இடது பக்கத்திலிருந்து. இதை எந்த வீடியோவிலும் யாரும் சொல்லித்தரவில்லை, பட்டுத் தறியிலிருந்து நானாகப் பிடித்தது. பாவு ஒரு பக்கம், ஊடை ஒரு பக்கம். பாட்டிலை விரலால் மெல்ல உருட்டுகிறேன். நீலம், பச்சை. உருட்டுகிறேன். பச்சை, நீலம். ஐயோ, வந்துவிட்டது! கண்ணுக்கு முன்னால் பட்டு நெளிகிறது. ஒப்பணக்காரர் வீதியில் இருக்கிற அத்தனை கடையின் கதவையும் திறந்து, 'பாருங்கப்பா, ஒரு பாக்குக் கொட்டை அளவில் மயில்கழுத்துப் பட்டு' என்று கூவலாம் போல இருக்கிறது. காட்டிவிடுவேன். நிச்சயம் காட்டிவிடுவேன். என்ன சொல்லிக் காட்டுவது? 'இது நீங்க கட்டியிருக்கற சேலைங்க.' வேண்டாம், அசடு வழியும். 'இங்க பாருங்க.' அவ்வளவு போதும். அதைச் சொல்லத்தானே ஆறு வருஷம். போன் மினுங்குகிறது, அவளிடமிருந்துதான். 'கிளம்பிட்டோம். சித்தப்பா பஸ்தான் வேணும்ங்கறாரு.' பஸ் என்றால் நாற்பது நிமிஷம். காய வைக்கக் காற்றை மட்டும் மெல்லத் தட்டுகிறேன். பதினொன்றே முக்கால். சரி, தாயே, வெளியே வா.

பாட்டில் வாயிலிருந்து மெல்லத் திருகி எடுத்து, தலையில் அப்பிய களிமண்ணை உரித்து, பால்கனிக் கட்டையில் அவளைக் காலில் நிறுத்துகிறேன். ஒரு நிமிஷம் எனக்கு ஒன்றும் புரியவில்லை. முகம் சரி. கலர் சரி. ஆனால் தோள் ரெண்டும் கரி மாதிரி இருட்டு. முதுகின் மேல்பாதி இருட்டு. கீழே போகப் போக வெளிச்சம், தரையைத் தொடுகிற விளிம்பில்தான் நீலமும் பச்சையும் அப்படிப் பளபளக்கின்றன. கையின் கீழ்ப்பக்கம் வெளிச்சம், மேல்பக்கம் நிழல். தலையைப் பாட்டிலில் சொருகினாயே, தாமோதரசாமி. தலை கீழே, கால் மேலே. அப்புறம் வழக்கம்போல மேலிருந்து வெள்ளை அடித்தாயே. அவளுடைய கால் பக்கம் சூரியனை வைத்தாயே! ஆறு வருஷம் மேலிருந்து, மேலிருந்து என்று பழகிய கை, பாட்டில் எப்படி நின்றால் என்ன என்று அதன் பாட்டுக்கு அடித்துவிட்டது. சிரிப்பு வருகிறது, கண்ணிலும் தண்ணீர் வருகிறது. மறுபடி கறுப்பு, அது காய ஒரு நாள், மறுபடி வெள்ளை, மறுபடி நீலம், பச்சை. பதினைந்து நிமிஷத்தில் யாராலும் முடியாது. தோளில் மட்டும் கொஞ்சம் வெள்ளை அடித்தால்? இரண்டு சூரியன் வரும். பட்டுக் கடையில் விளக்கெல்லாம் கூரையில்தான் இருக்கிறது, ஆயிரம் விளக்கு, எல்லாம் மேலே. கீழிருந்து வெளிச்சம் வாங்குகிற துணியை நான் எங்கே பார்த்திருக்கிறேன்? பந்தயம் பந்தயம்தான். நன்றாக வராவிட்டால் பரண். "அக்கா," என்கிறேன், குரல் எனக்கே வேற்றாள் குரல் மாதிரி இருக்கிறது, "இதையும் எடுத்து வெச்சுரு." அக்கா வந்து என் முகத்தைப் பார்க்கிறாள். அவள் போர்வையை எடுத்துப் பெட்டி, ஃபேன், கம்ப்ரசர் எல்லாவற்றின் மேலும் போர்த்தி, "அதையும் அதுக்கடீலயே வெச்சுரு, சூட்கேஸ் நெம்பிருச்சு. போய்க் கையக் கழுவு" என்கிறாள். மந்திரவாதினியைப் போர்வைக்கு அடியில் நிறுத்துகிறேன். பால்கனிக் கதவைச் சாத்துகிறேன். வாளித் தண்ணீரில் கையைக் கழுவுகிறேன். பச்சை போகவில்லை.

வந்துவிட்டார்கள். அவள் அந்தச் சேலையைக் கட்டியிருக்கிறாள். எனக்கு அந்தச் சேலையின் எடை தெரியும், அறுநூற்று எண்பது கிராம், இதை யாரிடம் சொல்வது? ஆறுச்சாமி சித்தப்பா செருப்பைக் கழற்றும்போதே, "சிறுவாணித் தண்ணி வருதுங்களா தம்பி?" என்று கேட்கிறார். "வருதுங்." "நாள் முழுக்கவா?" "இல்லீங், ரெண்டு நாளைக்கு ஒருக்கா." "அப்பறம் என்னத்தத்தான் எறைக்கறாரு நாள் முழுக்க" என்று அவள் மெதுவாகச் சொல்வது என் காதில் மட்டும் விழுகிறது. சித்தப்பா சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கிறார், பாத்ரூம் குழாயைத் திறந்து பார்க்கிறார், சுவரைத் தட்டிப் பார்க்கிறார். அவள் எதையும் தட்டவில்லை. காலி அலமாரியைப் பார்க்கிறாள். கண்ணாடித் தட்டில் தூசிக்கு நடுவே சின்னச் சின்ன வட்டமாகச் சுத்தமான இடங்கள், எழுபத்திரண்டு வட்டம், ஐயோ அக்கா, தட்டைத் துடைத்திருக்கக் கூடாதா? அதை எண்ணுகிற மாதிரிப் பார்க்கிறாள். என் விரலைப் பார்க்கிறாள். நான் கையைத் தொடைக்கு அடியில் வைத்துக்கொள்கிறேன். அக்கா காபி கொண்டுவருகிறாள், ரவை உப்புமா கொண்டுவருகிறாள். "சாப்புடுங் கண்ணு, நம்ம தம்பி ரொம்பச் சாது, ஒரு கெட்ட பழக்கம் கெடையாது, கடை உட்டா ஊடு, ஊடு உட்டா கடை" என்று ஒப்பிக்கிறாள். "டிவி பாப்பீங்கன்னு சொன்னீங்க" என்கிறாள் சுகந்தி, சுவரைச் சுற்றி ஒரு பார்வை பார்த்துவிட்டு. டிவி ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று சொல்லலாம். நாக்கு நுனியில் அந்தச் சொட்டு தேங்கி நிற்கிறது. இந்தப் பெண்ணிடம் நான் சொன்னதெல்லாம் இப்படித் தெறித்த சொட்டுகள்தான். சொல்லட்டுமா? சொல்லிவிட்டால் இன்றைக்குத் தப்பிக்கலாம். வாயைத் திறக்கிறேன். அப்போது சாத்திய கதவுக்குப் பின்னால், போர்வைக்கு அடியில், தடதடதடவென்று கம்ப்ரசர் எழுந்து உட்காருகிறது. அணைக்கவில்லை. ஸ்விட்சை அணைக்கவே இல்லை. அக்கா கையில் டபராவோடு சிலையாகிவிட்டாள். சித்தப்பா, "மோட்டார் ஓடுதுங்களா, ஆனா கொழாயில காத்துதானுங் வந்துது" என்கிறார். சுகந்தி காபியைக் கீழே வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள், அன்றைக்கு அசையாமல் நிற்கச் சொன்ன அதே பார்வை. காற்று முதலில், தாமு. மூச்சை முழுசாக இழுக்கிறேன். விடுகிறேன். பிறகு சொல்கிறேன். "அது மோட்டார் இல்லீங்க. டிவியும் இல்லீங்க. வாங்க, காட்டறேன்."

பால்கனியில் போர்வையை இழுத்ததும் அது கம்ப்ரசரின் ஆட்டத்துக்கு ஏற்ப நடுங்கி நடுங்கி விழுந்தது. அவள் அட்டைப்பெட்டியைப் பார்த்தாள், காற்றுக் குழாயைப் பார்த்தாள், இருமல் மருந்து பாட்டிலைப் பார்த்தாள். நான் சொல்லிக்கொண்டே போனேன், நிறுத்தினால் பயம் வந்துவிடும் என்று. அலமாரியில் இருந்த வட்டங்கள் என்ன, பொள்ளாச்சிக்காரர்கள் என்ன சொன்னார்கள், விளையாடத் தெரியாது, துணிக்காகத்தான், இது உங்கள் சேலைக் கலர், ஆனால் தப்பாகிவிட்டது, தலைகீழாகப் பிடித்து அடித்துவிட்டேன், இதைப் பார்க்காதீர்கள், வேறு நல்லது சூட்கேசில் இருக்கிறது. அவள் இதைத்தான் எடுத்தாள். பிடித்த விதத்திலேயே எனக்குப் பாதி பயம் போயிற்று, அடிக்கட்டையை இரண்டு விரலால், துணியைத் தொடாமல். கண்ணருகே கொண்டுபோனாள். மெல்ல உருட்டினாள். நீலம், பச்சை. தன் முந்தானையை இழுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். விளிம்பைப் பார்த்தாள், தோளைப் பார்த்தாள், மறுபடி விளிம்பை. ஒரு பிஸிக்ஸ் டீச்சருக்குத் தெரியாமல் போகுமா, வெயில் எங்கிருந்து விழுகிறதென்று? இதோ, கேட்கப்போகிறாள். "இவளுக்குக் கீழ உக்காந்து யாருங் டார்ச் புடிக்கறது?" என்றாள். எனக்குச் சட்டென்று உறைக்கவில்லை. பிறகு உறைத்தது. வெள்ளை மெத்தை, இருட்டு, என் தோளில் அந்தப் பட்டு, கீழேயிருந்து வந்த அந்த வெளிச்சம். நான் மறந்தே போயிருந்தேன். நான் அப்போது தூண் மாதிரி எதிர்ச் சுவரையல்லவா பார்த்துக்கொண்டிருந்தேன். பார்த்தவள் இவள். "இப்புடியேதானுங் இருந்துது," என்றாள், பொம்மையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "அதுக்குத்தான் நான் அந்தச் சேலையையே எடுத்தேன். அப்பறம் எந்த லைட்டுல கட்டிப் பாத்தாலும் அன்னைக்காட்டம் வரலை." இங்க பாருங்க என்று நான் சொல்லவே இல்லை, அதற்குள் பார்த்துவிட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "முன்பக்கம் இன்னும் ஒரு கோட் பச்சை பாக்கி இருக்குதுங்க" என்றேன். ஏர்பிரஷைக் கையில் எடுத்துக்கொண்டு, "இந்த விசையைத்தானுங் அமுத்தறது?" என்றாள். "முதல்ல காத்துங்க. அப்பறம் இழுத்தா கலர்." அவள் மாஸ்க்கை எடுத்துத் தலைக்குப் பின்னால் மாட்டிக்கொண்டு, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கம்ப்ரசர் சத்தத்துக்கு மேல் குரலை உயர்த்தி உள்ளே பார்த்துச் சொன்னாள்: "சித்தப்பா, எனக்கு இங்க சித்தெ நேரமாகும். நீங்க நங்கைகிட்ட கேட்டு இன்னொரு காபி குடிச்சுட்டு இருங்க!" உள்ளே டபரா விழுந்து உருண்டோடும் சத்தம் வெகுநேரம் கேட்டது.